வெனியர் போட்ட பல்லுக்குக் கோப்பி ஆகுமா?

கேள்வி: எனக்கு 36 வயது, கொக்குவிலில் ஆசிரியை. எட்டு மாதத்துக்கு முன் மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கு வெனியர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) போட்டேன். ஒரு நாளைக்கு நாலு தரம் கோப்பி குடிப்பேன். காலையில் மல்லிக்கோப்பி, அதோடு கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. இப்போது இரண்டு பல்லில், முரசோடு சேரும் இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தெரிகிறது. கனடாவிலுள்ள அக்கா கரிப் பற்பசையும் பல்லை வெள்ளையாக்கும் பட்டியும் அனுப்புகிறேன் என்கிறா. கோப்பியை அடியோடு விட வேண்டுமா?

பதில்: கோப்பியை விடத் தேவையில்லை. ஆனால் அந்தக் கோட்டை ஒரு பல் வைத்தியர் பார்க்கத்தான் வேண்டும். அக்காவிடம் பார்சலை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் வெனியர் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அச்சு எடுத்து, லாப்பில் செய்வித்து, அடுத்த தடவை போனபோது ஒட்டினார்கள் என்றால் அது பெரும்பாலும் போர்சலின், அதாவது பீங்கான். கதிரையில் இருத்தி வைத்து, பசை போன்ற ஒன்றைப் பல்லில் பூசி, நீல வெளிச்சம் காட்டி அன்றைக்கே முடித்தார்கள் என்றால் அது கொம்போசிட், அதாவது பல் நிறப் பிசின். கோப்பியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. கொம்போசிட் சாயத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். சில வருடத்தில் மங்கும், அவ்வப்போது பொலிஷ் பண்ண வேண்டி வரும். போர்சலினின் மேற்பரப்பு அப்படியல்ல. வீட்டிலுள்ள பீங்கான் கோப்பையைப் பாருங்கள்: வருடக்கணக்காகக் கோப்பி ஊற்றினாலும் வழவழப்பான இடத்தில் கறை நிற்பதில்லை, கீறல் விழுந்த இடத்தில்தான் பழுப்பு தங்கும்.

வெனியரில் அந்தக் கீறலுக்குச் சமமான இடம் அதன் ஓரம். அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள ஓடு அது. ஓடும் உங்கள் சொந்தப் பல்லும் சேரும் இடத்தில் ஒட்டுப்பசையின் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அந்தப் பசையும் ஒருவகைப் பிசின் என்பதால் சாயத்தைப் பிடிக்கும். உங்கள் கோடு வெறும் கறையாக இருக்கலாம், அப்படியென்றால் சுத்தம் செய்தால் போய்விடும். முரசு சற்று மேலே ஏறி, மறைந்திருந்த ஓரம் வெளியே தெரியலாம். அல்லது ஓரத்தில் இடைவெளி விழுந்து உள்ளே சூத்தை தொடங்கியிருக்கலாம். கண்ணாடியில் பார்த்து இதைப் பிரித்தறிய உங்களால் முடியாது. கடிதத்தைப் படித்து என்னாலும் முடியாது. ஆனால் ஒன்று செய்து பாருங்கள். அந்த இரண்டு பல்லின் இடுக்கிலும் ஃபுளோஸ் நூலை விட்டு மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தடக்கினாலோ, நூல் பிய்ந்து வந்தாலோ, அந்த ஓரம் கரடுமுரடாக இருக்கிறது என்று அர்த்தம். வைத்தியரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

எனக்குக் கோப்பியின் நிறத்தை விடச் சீனிதான் கவலை. ஓட்டுக்குச் சூத்தை வராது, அதன் கீழிருக்கும் பல்லுக்கு வரும். இனிப்பு வாய்க்குள் போன ஒவ்வொரு தடவையும் கிருமிகள் அமிலம் சுரக்கும். அது தணிய அரை மணித்தியாலம் வரை ஆகும். நாலு தரக் கோப்பியில் ஒவ்வொன்றையும் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடித்தால் நாலு தாக்குதல். கொப்பி திருத்தும் மேசையில் வைத்து ஒரு மணித்தியாலமாக ஒவ்வொரு மிடறாக உறிஞ்சினால், அந்த மணித்தியாலம் முழுக்கப் பல் அமிலத்தில் ஊறும். ஆகவே சீனியைக் குறையுங்கள், ஒரே இருப்பில் குடியுங்கள், முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள். உடனே பிரஷ் போட வேண்டாம், அரை மணித்தியாலம் போகட்டும். சுடுகோப்பியின் சூட்டில் பசை இளகிவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, அப்படி நடக்காது. கோப்பியை விட்டுத் தேத்தண்ணிக்கு மாறுவதாலும் லாபமில்லை, பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணி இன்னும் மோசமாகக் கறை பிடிக்கும்.

பனங்கட்டி விசயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முன்பல்லால் கடிக்காதீர்கள். போர்சலின் தேய்வது குறைவு, ஆனால் ஓரத்தில் ஒரு பக்கமாக நெம்பினால் சில்லாகத் தெறிக்கும். சிறு துண்டாக நொறுக்கிக் கடைவாய்ப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒடியல், கற்கண்டு, கட்டிப்பட்ட எள்ளுருண்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நூலைப் பல்லால் அறுப்பது, பேனை மூடியைக் கடிப்பது (ஆசிரியர்களுக்கு உள்ள பழக்கம்!) இரண்டையும் விடுங்கள்.

கரிப் பற்பசை, எங்கள் பாட்டிமாரின் உமிக்கரி, உப்புத்தூள், எல்லாமே உரசும் பொருட்கள். கொம்போசிட்டைக் கீறிவிடும், போர்சலினின் மினுக்கத்தையும் நாளடைவில் மங்கச் செய்யும். கீறிய இடத்தில் கறை இன்னும் வேகமாக ஏறும். வெள்ளையாக்கும் பட்டி வெனியரின் நிறத்தை மாற்றவே மாற்றாது. பக்கத்திலுள்ள சொந்தப் பல்லு வெளுக்கும், வெனியர் பழைய நிறத்திலேயே நிற்கும், பிறகு ஆறு பல்லும் மஞ்சளாகத் தெரிவதாக நீங்களே எழுதுவீர்கள். மிருதுவான பிரஷும் புளோரைட் உள்ள சாதாரண பற்பசையும் போதும். இரவில் ஃபுளோஸ் கட்டாயம். குளோர்ஹெக்சிடின் உள்ள மவுத்வொஷ்ஷை வைத்தியர் சொல்லாமல் கிழமைக்கணக்கில் பாவிக்காதீர்கள், அதுவே பழுப்புக் கறை போடும்.

பல் சுத்தம் செய்யப் போகும் இடத்தில், கதிரையில் சாயுமுன்னரே “ஆறு பல்லுக்கு வெனியர் இருக்கிறது” என்று சொல்லுங்கள். ஸ்கேலிங் (காறை சுரண்டும்) கருவியின் முனை பட்டால் வெனியரின் ஓரம் உடையலாம். அமிலத்தன்மையுள்ள புளோரைட் ஜெல் போர்சலினின் மேற்பரப்பை அரிக்கும். நடுநிலையான வகை வேண்டும் என்று கேளுங்கள். வெனியர் ஒட்டியவரிடமே போக முடிந்தால் இன்னும் நல்லது.

கோடு கறுத்துக்கொண்டு போனால், குளிர் தண்ணீர் பட்டுக் கூசினால், முரசு வீங்கி இரத்தம் வந்தால் தவணைக்குக் காத்திராமல் இந்தக் கிழமைக்குள்ளேயே காட்டுங்கள். ஓடு எப்போதாவது கழன்று விழுந்தால் கடையில் விற்கும் சுப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். கழுவி, ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோங்கள். உடையாமல் இருந்தால் பல நேரம் அதையே திரும்ப ஒட்டலாம்.