சங்கத்துல சேரலாமா? ஒரு டீச்சரோட கடிதம்

சார், வணக்கம். நான் கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு எல்.பி. ஸ்கூல்ல (நாலாவது வரைக்கும் உள்ள ஆரம்பப் பள்ளி) தமிழ் மீடியம் டீச்சர், போன வருஷம்தான் கேரளா பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை மூலமா வேலைக்கு வந்தேன். ரெண்டு டீச்சர் சங்கத்துக்காரங்களும் (கே.எஸ்.டி.ஏ., கே.பி.எஸ்.டி.ஏ.) மெம்பர்ஷிப் போட சொல்றாங்க. எனக்கு கட்சி, கொடியெல்லாம் ஆகாதுங்க. வேலையை ஒழுங்கா பார்த்தா போதாதா? சேரணும்னாலும் தமிழ் டீச்சருங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருந்தா நல்லதில்லையா?

டீச்சருக்கு வணக்கம்.

சேருங்க. கே.எஸ்.டி.ஏ. இடதுபக்கம், கே.பி.எஸ்.டி.ஏ. காங்கிரஸ் பக்கம்னு பொட்டிக்கடைக்காரருக்கே தெரியும், அதை மறைச்சு பேச ஒண்ணுமில்ல. கொடி பிடிக்காதவங்களும் உள்ள நெறைய பேர் இருக்காங்க.

எயிடட் ஸ்கூல், அதாவது தனியார் மேனேஜர் நடத்தி அரசு உதவி வாங்குற ஸ்கூல், அந்த டீச்சருக்கும் கவர்மெண்டே நேரா சம்பளம் போடுதே, அதெல்லாம் தானா வந்ததில்லங்க. மேனேஜர் மனசு வச்சா சம்பளம்ங்கற காலம் ஒண்ணு இருந்துச்சு. அதை மாத்தத்தான் 1957ல ஜோசப் முண்டசேரி மாஷ் கேரளாவுல கல்வி மந்திரியா இருந்து கல்வி மசோதா கொண்டுவந்தாரு, அதுக்கு கெளம்புன எதிர்ப்பு பெருசாகி 1959 ஜூலை 31ல ஆட்சியே போயிருச்சு. வாளையார் தாண்டி அந்தப்பக்கம் தமிழ்நாட்டுல 2003ல ஸ்ட்ரைக் பண்ணுன அரசு ஊழியரு, வாத்தியாருன்னு ஏறக்குறைய 1.70 லட்சம் பேர வீட்டுக்கு அனுப்புனாங்க, ஸ்ட்ரைக் பண்ண உரிமையே இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு, ஆனாலும் மன்னிப்பு எழுதி வாங்கிட்டு முக்காவாசிப் பேருக்கு மேல திரும்ப எடுத்தாங்க. ஒத்த ஆளா இருந்தா எடுத்திருப்பாங்களா?

உங்களுக்கு நெசமான பரீட்சை ஜூன் மாசத்துல இருக்குங்க. ஸ்கூல் தொறந்து ஆறாவது வேலை நாள்ல புள்ளைங்க தலைய எண்ணுவாங்களே, எல்.பி.ல 30 புள்ளைக்கு ஒரு டீச்சர்னு கணக்கு, இங்கிலீஷ் மீடியம் பஸ் வீட்டு வாசலுக்கே வர்ற ஊர்ல தமிழ் டிவிஷனுக்கு (தமிழ் மீடியம் வகுப்புக்கு) ஆள் சேர்க்கறது எவ்வளவு கஷ்டம்னு நான் சொல்ல வேண்டியதில்ல, டிவிஷன் போச்சுன்னா போஸ்ட்டும் போச்சு, அடுத்த வருஷம் எந்த ஊர்ல இருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாது. அதனால ரெண்டு சங்கத்துக்காரங்ககிட்டயும் ஒண்ணு கேளுங்க, போன மே மாசம் தமிழ் டிவிஷனுக்கு புள்ள பிடிக்க வீடு வீடா யாரு நடந்தாங்கன்னு. நடந்தவங்க எந்தக் கட்சியா இருந்தாலும் பரவால்ல, அங்க சேருங்க.

குறையும் இருக்கு, சும்மா சொல்லக்கூடாது. டி.ஏ. (அகவிலைப்படி) அரியருக்கு பக்கம் பக்கமா தீர்மானம் போடுவாங்க, தமிழ் புக் லேட்டா வந்தா கடைசில ஒரு வரி, அதுவும் நீங்க எந்திரிச்சு கேட்டாத்தான். சனிக்கிழமை கிளஸ்டர்ல, அதான் டீச்சருங்களுக்கான பயிற்சிக் கூட்டத்துல, எல்லாம் மலையாளத்துலயே ஓடுதுன்னா அதையும் சங்கத்தோட உபஜில்லா கமிட்டில எழுதிக் குடுங்க, தாய்மொழில ஆரம்பக் கல்விக்கு வசதி பண்ணணும்னு அரசியல் சட்டத்துல 350ஏ பிரிவே இருக்கு.

தனிச் சங்கம் வேண்டாம்ங்க. நம்ம எண்ணிக்கைக்கு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீஸ்ல பெஞ்சுல உக்கார வச்சே அனுப்பிருவாங்க. தமிழ் டீச்சருங்க எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வச்சுக்கங்க, ஒர்க்‌ஷீட் மாத்திக்கலாம், என்ன கேக்கணும்னு பேசி வச்சுக்கலாம். கோரிக்கை மட்டும் பெரிய சங்கத்தோட லெட்டர்பேட்ல போகட்டும்.