மறுமொழி: காலையில் முதல் அடி வைத்தாலே குதிகால் வலி

சகோதரி, கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடி உயிர் போகிறது, பிறகு குறைகிறது, தினமும் மும்பைப் பக்கம் கல்யாணிலிருந்து சி.எஸ்.எம்.டி. நிலையம் வரை ரயிலில் நின்றபடியே பயணம் என்று எழுதியிருந்தீர்கள். மாதுங்காவில் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்கிறேன். இப்படி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பெரும்பாலும் இது உள்ளங்காலில் குதியிலிருந்து விரல்கள் வரை ஓடும் தசைநார்ப் பட்டையின் வலி. இரவில் அது இறுகிக் கிடக்கிறது. எழுந்ததும் உடல் எடை முழுவதும் அதை இழுக்கிறது. ஆகவே இறங்குவதற்கு முன்பே, படுக்கையில் உட்கார்ந்து, கால்விரல்களைக் கையால் உங்களை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். பத்து முறை. இதை மட்டும் விடவே விடாதீர்கள். மாலையில் சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதி தரையில் படிய 30 வினாடி நில்லுங்கள். மூன்று முறை போதும்.

வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சமையலறைக்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்குங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள், தயவுசெய்து! குணமாகச் சில மாதங்கள் ஆகலாம், சலித்துவிடாதீர்கள்.

மரத்துப்போதல், வீக்கம், ராத்திரியிலும் வலி இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.