டெஸ்டோஸ்டிரோன் ஊசி: யாருக்குத் தேவை, யாருக்கு ஆபத்து?

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எடை 94 கிலோ. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதங்களாக எப்போதும் சோர்வாக இருக்கிறது. தாம்பத்தியத்திலும் நாட்டம் குறைந்துவிட்டது. முழு உடல் பரிசோதனை செய்தபோது டெஸ்டோஸ்டிரோன் 268 என்று வந்தது. 300-க்குக் கீழே போனால் குறைபாடு என்றும், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றும் நண்பர் சொல்கிறார். போட்டுக்கொள்ளலாமா? பரிசோதனை அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் அறிக்கையில் நான் முதலில் பார்த்தது 268 என்ற எண்ணை அல்ல, அதன் மேல் மூலையில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும், ரத்தம் எடுத்த நேரத்தைத்தான். பிற்பகல் 3.40 என்று இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏற இறங்கும் ஹார்மோன். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் அது தாழும். காய்ச்சல் கண்ட வாரத்திலும், சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாளும் தாழும். ஆகவே காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்த்து, இரண்டு முறையும் குறைந்திருந்தால்தான் குறைவு என்று ஏற்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

உங்கள் நண்பர் சொல்லும் 300 என்பது, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்ற கணக்கில் அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் வகுத்த எல்லை. அதே நாட்டின் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி, உடல் பருமன் இல்லாத ஆரோக்கியமான இளைஞர்களின் அளவுகளை வைத்து 264 என்று எல்லை கட்டியிருக்கிறது. ஒரு சங்கத்தின் கோட்டுக்குக் கீழேயும் மற்றதன் கோட்டுக்கு மேலேயும் நிற்கிற உங்கள் 268, அந்த எண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்கக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி சில புரதங்களோடு ஒட்டிக்கொண்டே பயணிக்கிறது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு அவற்றில் முக்கியமான புரதம் குறைந்துவிடுவதால், மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், தனித்து நின்று வேலை செய்யும் பகுதி போதுமானதாகவே இருக்கக்கூடும். அதையும் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு குறைவு உறுதியானால், ஏன் குறைந்தது என்ற கேள்வி வருகிறது. விரைகளிலுள்ள செல்கள் தாமாக இந்த ஹார்மோனைச் சுரப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்ற ஹார்மோன் மூலம் உத்தரவு அனுப்பினால்தான் சுரக்கும். எல்.எச். மிகுந்தும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் இருந்தால் பழுது விரைகளில் என்று பொருள்: பொன்னுக்கு வீங்கி வந்தபோது விரைகளும் வீங்கிப் பாதிக்கப்பட்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள், ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகக் கொண்டு பிறந்தவர்கள் இந்த வகையில் வருவார்கள். இரண்டுமே குறைந்திருந்தால் பழுது மேலே இருக்கிறது. அப்போது பிட்யூட்டரி சுரக்கும் மற்றொரு ஹார்மோனான புரோலாக்டின் அளவையும், தேவைப்பட்டால் பிட்யூட்டரியின் எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டே போனால், அங்கே வளரும் கட்டி ஒன்று கவனிக்கப்படாமலே போய்விடலாம்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு எழும் ஐயம் வேறு. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் பகல் சோர்வையும் தரும்; அதோடு கூடி வரும் பருமன் ஹார்மோனையும் குறைக்கும். அந்த நோய் இருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மூச்சுத்தடை மோசமாகவும் கூடும். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவற்றையும் விலக்கிவிட வேண்டும். நாட்டக்குறைவோடு விறைப்புக் குறைவும் இருந்தால், சர்க்கரையால் ரத்தக் குழாய்கள் பழுதாகியிருப்பது காரணமாக இருக்கலாம். அது இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான முன்னறிவிப்பும்கூட. எடை கணிசமாகக் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஏறும். நான் உங்கள் மருத்துவராக இருந்தால் ஊசியை எழுத மாட்டேன். காலை ரத்தப் பரிசோதனைக்கும் தூக்கப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுப்பேன்.

கேள்வி: வயது 31, மதுரை. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் சொன்னதால் எட்டு மாதங்களாக வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். உடல் நன்றாக ஏறியது. திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை என்பதால் விந்துப் பரிசோதனை செய்ததில் விந்தணுவே இல்லை என்று வந்துவிட்டது. ஆண் ஹார்மோனைத்தானே போட்டேன், எப்படி இப்படி ஆகும்?

பதில்: ஆண் ஹார்மோனைப் போட்டதனால்தான் இப்படி ஆனது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்ததும், போதுமான சரக்கு இருக்கிறது என்று பிட்யூட்டரி தன் உத்தரவுகளை நிறுத்திக்கொள்கிறது. உத்தரவு நின்றதும் விரைகள் வேலையை நிறுத்துகின்றன. விந்தணு உருவாவதற்கு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே சுரந்தாக வேண்டும். ஊசியால் ரத்தத்தின் அளவை உயர்த்த முடியுமே தவிர, விரைக்குள் அந்தச் செறிவைத் தர முடியாது. ரத்தப் பரிசோதனையில் அளவு உச்சத்தில் இருக்கும், விரைகளோ சுருங்கிப்போயிருக்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண்மை பெருகும் என்று சொல்லி உங்களுக்குப் போடப்பட்டது அந்தக் கருத்தடை மருந்துதான்.

இது பெரும்பாலும் மீளக்கூடிய பாதிப்பு. நிறுத்திய ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பிவிடுகிறது. சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். அதிக அளவில், பல மருந்துகளைக் கலந்து, நெடுநாள் போட்டவர்களுக்கு இன்னும் தாமதமாகும். நிறுத்திய முதல் மாதங்களில், விரைகள் விழித்துக்கொள்ளும் வரை, கடும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். அதைத் தாங்காமல் பலர் மறுபடி ஊசிக்கே போய்விடுகிறார்கள். அதனால் தனியாக நிறுத்தாமல், ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடமோ ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் சிறுநீரக அறுவை மருத்துவரிடமோ சென்று நிறுத்துங்கள். விரைகளைத் தூண்ட எச்.சி.ஜி. ஊசியும் குளோமிஃபீன் மாத்திரையும் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, உடற்பயிற்சிக் கூடத்தின் லாக்கரிலிருந்து உங்களுக்கு வந்திருக்கிறது. அந்தக் காலிக் குப்பிகளைக் கைவசம் வைத்திருந்தால் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால், காரணம் தெரியாமல் உங்கள் மனைவியும் தேவையற்ற பரிசோதனைகளுக்கு ஆளாவார்.

கேள்வி: என் கணவருக்குப் பிட்யூட்டரி கட்டியை அகற்றிய பிறகு, டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தினமும் தோளில் தடவச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு வயது மகள் எந்நேரமும் அவர் தோளில்தான் தொங்குகிறாள். இதனால் ஏதும் பிரச்சினை வருமா? (கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் கேட்டது மிக நல்லதாயிற்று. தோலில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஜெல், தொடுபவரின் தோலுக்குப் போகும். அப்படிப் பட்ட குழந்தைகளுக்கு வயதுக்கு மீறிய ரோம வளர்ச்சியும், பிறப்புறுப்பில் மாற்றமும், எலும்பு முன்கூட்டியே முதிர்வதும் நேர்ந்ததால், 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஜெல்களின் உறையில் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. நம் வெயிலில், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு லுங்கியோடு உட்காரும் பழக்கம் இங்கே ஆபத்தாகிறது. ஜெல் தடவியதும் கையைச் சோப்பால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, தடவிய இடத்தை முழுக்க மூடும் சட்டை போட வேண்டும். கையில்லாத பனியன் போதாது. குழந்தையைத் தோளோடு அணைப்பதற்கு முன் அந்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். நீங்கள் கருவுற்றிருந்தால் உங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பயந்து மருந்தையே நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணவருக்குச் சுரப்பு உண்மையாகவே நின்றிருக்கிறது. எலும்பு, தசை, ரத்தம் எல்லாவற்றுக்கும் அவருக்கு இந்த ஹார்மோன் வேண்டும். ஜெல் ஒத்துவராவிட்டால் ஊசிக்கு மாறலாம். அன்டெகனோயேட் வகை ஊசி 1000 மில்லிகிராமை, முதல் இரண்டு தவணைகளுக்குப் பிறகு, 10 முதல் 14 வாரங்களுக்கு ஒரு முறை போட்டால் போதும். எண்ணெயில் கரைத்த மருந்து என்பதால் சிலருக்கு உடனே இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். எனவே போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வரவும்.

கேள்வி: எனக்கு வயது 67. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் இருமுறை எடுத்த டெஸ்டோஸ்டிரோனும் குறைவு; நாட்டமும் குறைவு. இந்த ஊசியால் மாரடைப்பும் புராஸ்டேட் புற்றுநோயும் வரும் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

பதில்: 1889-இல் பிரௌன்-செகார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தம் 72-ஆம் வயதில் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாகப் பாரிஸில் அறிவித்தார். நீரில் எடுத்த அந்தச் சாற்றில் ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. நம்பிக்கைதான் வேலை செய்தது. இந்த மருந்தின் பலனை மதிப்பிடுவது அன்று தொட்டே கடினமாகத்தான் இருக்கிறது.

மாரடைப்பைப் பொறுத்தவரை, 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு ஓரளவு தெளிவு தந்துள்ளது. இதய நோய் உள்ள அல்லது அதற்கான வாய்ப்பு மிகுந்த, 45 முதல் 80 வயது வரையிலான 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பெற்றவர்களில் 7.0 சதவீதம், மருந்தில்லாத வெற்று ஜெல் பெற்றவர்களில் 7.3 சதவீதம். ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், நுரையீரலில் ரத்தக்கட்டு, சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பு ஆகியவை மருந்து பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தன. அங்கே கொடுத்தது அளவு பார்த்துச் சரிசெய்த ஜெல் என்பதால், ஊசியை விருப்பம்போல் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

புராஸ்டேட் புற்றுநோயை இந்த மருந்து புதிதாக உண்டாக்குவதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. ஏற்கெனவே புற்றுநோய் இருந்தால் அதை வளர்த்துவிடும் என்ற அச்சத்தால், தொடங்கும் முன், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனை அவசியம். பலன் எவ்வளவு என்றால், 65 வயதைக் கடந்த 790 பேரிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில் நாட்டம் மிதமாகக் கூடியது. நடைத் திறனிலும் தெம்பிலும் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை.

உங்கள் இதய மருத்துவரின் சம்மதத்தோடு ஜெல்லில் தொடங்கலாம். மூன்றாவது மாதம் டெஸ்டோஸ்டிரோன், பி.எஸ்.ஏ., ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மூன்றையும் பாருங்கள். ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள். மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஓராண்டு ஆகியும் நாட்டம் கூடவில்லையென்றால் தொடர்வதற்குக் காரணம் இல்லை. மருத்துவரிடம் சொல்லி விட்டுவிடலாம்.