எதிரி என்றால் பகைவர் அல்ல

கேள்வி: வாடியில் இருந்த படகு இயந்திரத்தைத் திருடியதாக என் அக்காவின் மகனைப் பொலிஸார் கைதுசெய்து, திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் முற்படுத்தினர். பதினான்கு நாள் விளக்கமறியல் என்றார்கள். ‘கள்ளனுக்கு மறியல் கிடைத்துவிட்டது’ என்று ஊரார் பேசுகிறார்கள். அவன் தண்டிக்கப்பட்டுவிட்டானா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இல்லை. சிறையையே ‘மறியல்’ என்று சொல்லிப் பழகிய நம் ஊர்ப்பேச்சினால் வந்த மயக்கம் இது. விளக்கமறியல் என்பது விசாரணையின்போது ஒருவரை நீதிமன்றக் கட்டளைப்படி தடுத்து வைப்பதே தவிர, தண்டனை அன்று. பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும் என 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விதிப்பதாலேயே உங்கள் பெறாமகன் அங்கு முற்படுத்தப்பட்டார்.

இப்போது அவர் சந்தேகநபர். குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்ட பின்னர் ‘எதிரி’ எனப்படுவார். நம் நீதிமன்றத் தமிழில் அச்சொல் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குறிக்குமே அன்றிப் பகைவரை அல்ல, இருந்தும் அதை முதன்முறை கேட்கும் தாய்மார் கலங்கத்தான் செய்கிறார்கள். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டால், அல்லது வழக்குத்தொடுநர் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பித்தால் மட்டுமே அவர் குற்றவாளி. அதுவரை அவரைக் குற்றமற்றவராகவே ஊகிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை. ஊரார் இதைப் படித்தால் நல்லது.

இனி, களவு. தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவின்படி, பொருளை எடுத்தது மட்டும் களவாகாது. அதை வைத்திருந்தவரின் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்திருக்க வேண்டும். இயந்திரம் தம்முடையதே என்று மெய்யாக நம்பி எடுத்திருந்தால் அது களவு அன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொருளாயின், எழக்கூடிய குற்றச்சாட்டு நம்பிக்கை மோசடி. அடித்தோ மிரட்டியோ பறித்திருந்தால் கொள்ளை.

‘பிணையில் விடமுடியாத தவறு’ என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம். அதற்குப் பிணையே கிடையாது என்று பொருளில்லை. பிணை உரிமையாகக் கிடைக்காது, நீதவானின் தற்றுணிபில் தங்கியிருக்கும் என்பதே பொருள். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க தவறுகளில்தான் மேல் நீதிமன்ற நீதிபதியிடம் போக வேண்டும். களவு அந்த வகையில் இல்லை. ஆகவே அடுத்த தவணைக்கு முன்னரே சட்டத்தரணியைச் சந்தியுங்கள். இயந்திரம் யாருடையது என்பதில் தகராறு இருந்தால், வாங்கிய பற்றுச்சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.