ஊரில் எழுதியிருந்தால்...

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமும் அனுப்பியாயிற்று. இடம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளியைத்தான் காணவில்லை. "கொழும்பில் படிப்பித்தது பிழை, ஊரில் எழுதியிருந்தால் மருத்துவபீடம் நிச்சயம்" என்று என் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சொல்கிறார். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. வெட்டுப்புள்ளி எப்போது வரும்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: எப்போது என்பதை வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் தமையனாரின் 'ஊர்'.

அம்மா, பல்கலைக்கழக இடங்களில் பெரும்பகுதி மாவட்டவாரியாகப் பிரிக்கப்படுகிறது. ஆனால் பரீட்சையை எங்கே எழுதினார் என்பதை வைத்து அந்த மாவட்டம் தீர்மானிக்கப்படுவதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்றுதான் பார்ப்பார்கள். பரம்பரை வீடு சுன்னாகத்தில் இருப்பது கணக்கில் வராது. கடைசி நேரத்தில் ஊருக்குப் போய் எழுதியிருந்தாலும் உங்கள் மகள் கொழும்பு மாவட்டம்தான். தவிர, உயிரியல் பிரிவில் யாழ்ப்பாணம் ஒன்றும் போட்டி குறைந்த இடமல்ல.

இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்து நம் பிள்ளைகள் பலர் இடம் இழந்த காலத்துக் காயம் நம்மவர்களிடம் இன்னும் ஆறவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் படித்த முல்லைத்தீவுப் பிள்ளையும், மலையகத் தோட்டத்துப் பிள்ளையும் இன்றைக்கு அந்த ஒதுக்கீட்டால்தான் உள்ளே வருகிறார்கள். கொழும்பில் ரியூஷன் வகுப்புக்கு நடந்தே போகும் வசதியுள்ள நாம் அவர்களைப் பார்த்துப் பொருமுவது நியாயமில்லை. நாடு முழுவதற்கும் இடம் போதவில்லை என்பதுதான் கோபப்பட வேண்டிய விஷயம்.

அடுத்து, போன வருட வெட்டுப்புள்ளியை வைத்துக் கணக்குப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். இசட் புள்ளி என்பது எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) வகுத்து வருவது. சராசரி 40, விலகல் 15 என்றால் 70 எடுத்தவருக்கு 2.0. சராசரி 55ஆக இருந்தால் அதே 70க்கு 1.0தான். மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு, சராசரியை நான்கு தசமதானத்துக்குக் கொடுப்பார்கள். வெட்டுப்புள்ளி என்பது ஒரு கற்கைநெறியில் அந்த மாவட்டத்துக்குரிய கடைசி இடத்தைப் பிடித்தவரின் இசட் புள்ளி. முன்கூட்டியே யாரும் போட்டு வைப்பதில்லை. இந்த வருடம் யார் யார் எதை முதலில் கேட்டார்கள் என்பதோடு அது ஏறும், இறங்கும். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகப் போட்டு இசட் கணித்ததால் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் திரும்பக் கணிக்க வேண்டி வந்தது. எந்தக் கூட்டத்துக்குள் வைத்துக் கணிக்கிறார்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

விருப்ப வரிசையைப் பற்றியும் வீணாக மனம் வருந்த வேண்டாம். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, இசட் புள்ளி எட்டுகிற முதல் கற்கைநெறியில் நிறுத்துவார்கள். மருத்துவத்தை முதலாவதாகப் போட்டதால் பல் மருத்துவமோ கால்நடை மருத்துவமோ கைநழுவிப் போகாது.

காத்திருக்கிற நாளில் செய்ய வேலை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் முதலெழுத்தாக, ஒன்றில் இல்லாமலே இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டும் மாறியிருக்கும். பதிவு நாளில் இது பெரிய தலையிடி. இப்போதே சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பரை மாற்ற வேண்டாம். மின்னஞ்சலை மகளே ஒவ்வொரு நாளும் பார்க்கட்டும். தெரிவு வந்தால் பதிவுக்குக் கொடுத்த திகதியைத் தவறவிட்டால் இடம் போய்விடும். ஆனால் பதிந்தபின், அடுத்த வருடம் திரும்ப எழுதி வேறு கற்கைநெறி கேட்பது பொதுவாக முடியாது. ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பந்தியை மகளும் நீங்களும் சேர்ந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள். முதல் சுற்றில் வராவிட்டாலும், பதியாமல் விட்டவர்களின் இடங்களை நிரப்பும் சுற்று இருக்கிறது.

இனி வார்ட் பிளேஸ்காரருக்கு. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையே 2023 ஜனவரியில்தான் நடந்தது. தாமதத்துக்குக் காரணம் இருக்கலாம். திகதி சொல்லாமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. வெட்டுப்புள்ளி எந்தக் கிழமை வரும் என்று ஓர் அறிவித்தல் போடுங்கள். பிந்தினால், பிந்துகிறது என்று இன்னோர் அறிவித்தல் போடுங்கள். இதை எழுத ஒரு லிகிதர் போதும்.