மண்டிக் கணக்கில் குறையும் ஒரு ரூபாய்: ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து பைத்தானுக்கு மாறுகிறவர்களுக்கு

கேள்வி: அண்ணாச்சி, பாவூர்சத்திரத்தில் எங்களுக்குக் காய்கறி கமிஷன் மண்டி இருக்கிறது. கணக்கு எல்லாம் 1996-ல் அப்பா எழுதி வாங்கிய டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 புரோகிராமில்தான் ஓடியது. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, புதிதாக வாங்கியதில் அது திறக்கவே மாட்டேன் என்கிறது. நாலாயிரம் வரியையும் ஏஐயிடம் கொடுத்துப் பைத்தானுக்கு மாற்றினேன். ஓடுகிறது, ஆனால் பழைய நாட்களின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நாள் கூட்டலில் பத்து, பதினைந்து ரூபாய் குறைகிறது. அப்பா பழைய கணக்குதான் சரி என்கிறார். யார் சொல்வது சரி? டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, அப்பா சொல்வதுதான் சரி. பைத்தான் தன் வழக்கப்படி ஒழுங்காகத்தான் கணக்குப் போடுகிறது, உங்கள் மண்டி வழக்கப்படி போடவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சீட்டை எடுங்கள். 12.5 கிலோ வெண்டைக்காய், கிலோ 21 ரூபாய், ஆக 262 ரூபாய் 50 பைசா. ஃபாக்ஸ்ப்ரோவின் ரவுண்ட் (பைசாவை முழு ரூபாயாக்கும் கட்டளை) இதை 263 ஆக்கும். கையால் எழுதினாலும் நாம் அப்படித்தான் எழுதுவோம். பைத்தான் 3-ன் ரவுண்ட் 262 என்று சொல்லும். சரியாக அரையில் வந்து நின்றால் பக்கத்தில் இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடுவது அதன் பழக்கம் (எல்லா அரையையும் மேலேயே தள்ளினால் பெரிய கூட்டலில் தொகை ஏறிக்கொண்டே போகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, தப்பொன்றும் இல்லை). அதே 12.5 கிலோ 23 ரூபாய்க்குப் போயிருந்தால் 287.50, அப்போது இரண்டுமே 288 என்றுதான் காட்டும். அதனால்தான் சில சீட்டில் மட்டும் ஒரு ரூபாய் காணாமல் போகிறது, அதுவும் எப்போதும் குறைகிற பக்கமாகவே.

இதற்குப் பைத்தானில் தசமக் கணக்குக்கென்றே இருக்கிற டெசிமல் மாட்யூலை எடுத்துக்கொண்டு, ரவுண்டிங்கை ஹாஃப் அப் (அரை வந்தால் மேலே) என்று வையுங்கள். எடையையும் விலையையும் அதற்குள் ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்தாகவே, கொடுங்கள். ஃப்ளோட்டாக, அதாவது பைனரியில் வைக்கும் தசம எண்ணாக, கொடுத்தால் உள்ளே போகும்போதே எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும். 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள், 2.67 வரும். அந்த எண் பைனரியில் முழுசாக அடங்காது, உள்ளே ஒரு மயிரிழை குறைவாகத்தான் நிற்கிறது.

சரி, இது நீங்கள் கண்டுபிடித்த கோளாறு. கண்ணில் படாதவைதான் எனக்குக் கவலை. பழைய புரோகிராமின் முதல் பக்கத்தைத் திறந்து, செட் என்று தொடங்குகிற வரிகளைப் பாருங்கள்: செட் டெலீட்டட், செட் எக்ஸாக்ட், செட் டேட், செட் செஞ்சுரி. ஏஐ இவற்றை மொழிபெயர்க்காமல் கழற்றி விட்டிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பைத்தானில் இவற்றுக்கு நேரான வரி கிடையாது. ஆனால் கீழே இருக்கிற நாலாயிரம் வரியும் இந்த நாலைந்து வரியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

செட் எக்ஸாக்ட் ஆஃப் என்று இருந்தால் (எதுவும் எழுதாவிட்டாலும் அதுதான்), ஃபாக்ஸ்ப்ரோ இரண்டு பெயரை ஒப்பிடும்போது வலது பக்கப் பெயர் முடிகிற இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். நம் ஊரில் இது சும்மா விடுமா? 'இசக்கி' என்று தேடினால் இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிப்பாண்டி எல்லோருமே பொருந்துவார்கள். கணக்கப்பிள்ளைக்கு அது வசதியாகக்கூட இருந்திருக்கும், மூன்று எழுத்தைத் தட்டி ஆளைப் பிடித்துவிடுவார். பைத்தானின் இரட்டைச் சமக்குறி முழுப்பெயரையும் கேட்கும். போதாக்குறைக்கு டிபிஎஃப் கோப்பில் (ஃபாக்ஸ்ப்ரோ பதிவுகளைச் சேமிக்கும் கோப்பு அது) பெயருக்கு 25 எழுத்து இடம் இருந்தால், ஆங்கிலத்தில் ஆறு எழுத்தாகும் இசக்கி (Isakki) பெயருக்குப் பின்னால் 19 வெற்றிடம் ஒட்டியிருக்கும், அதை வெட்டாமல் ஒப்பிட்டால் இசக்கியே இசக்கிக்குப் பொருந்தமாட்டார். ஆகவே பழைய புரோகிராமில் பெயரை ஒப்பிடும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து, ஆளைத் தேடும் திரை என்றால் பெயரின் தொடக்கம் மட்டும் பொருந்தினால் போதும், பாக்கியைக் கூட்டும் இடம் என்றால் முழுப்பொருத்தம் என்று நீங்களே உட்கார்ந்து பிரியுங்கள். இந்த வேலையை ஏஐயிடம் விடாதீர்கள்.

அடுத்தது டெலீட்டட். ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு பதிவை அழித்தால் அது கோப்பை விட்டுப் போவதில்லை, பதிவின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், பேக் கட்டளை கொடுக்கும்வரை ஆள் உள்ளேயேதான் இருப்பார். செட் டெலீட்டட் ஆன் என்று இருந்தால் புரோகிராம் அவரைக் காட்டாது, அவ்வளவே. இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் வியாபாரிக்கு மாற்றிக் கொடுத்தபோது டிபிஎஃப் கோப்பை நானே பைட் பைட்டாகப் படித்து, அந்த நட்சத்திரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். எப்போதோ கணக்கு முடித்து அழிக்கப்பட்ட ஒரு பெரியவர் பெயரில் பாக்கி கேட்டுச் சீட்டு அச்சாகி, அவர் மகன் கையிலேயே போய்ச் சேர்ந்தது. பெரியவர் தவறி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடைக்குள் அப்புறம் நான் எப்படிப் போய் நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தேதி சின்ன விஷயம். டிபிஎஃப் உள்ளே தேதி வருடம், மாதம், நாள் என எட்டு இலக்கமாகவே கிடக்கும், திரையில் தெரிவதை நம்பாமல் அதை அப்படியே எடுங்கள்.

மாறிகள் (புரோகிராம் ஓடும்போது மதிப்புகளை வைத்துக்கொள்ளும் பெயர்கள்) அப்படிச் சின்ன விஷயம் இல்லை. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு மாறியைத் தனியாக அறிவிக்காவிட்டால், நீங்கள் கூப்பிடுகிற புரொசீஜரும் (துணைப் புரோகிராம்) அதைப் பார்க்கும், மாற்றவும் செய்யும். பைத்தான் ஃபங்ஷனுக்குள் அதே பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் புதிதாக ஒன்று பிறந்து அங்கேயே மடிந்துவிடும், வெளியே பழைய மதிப்பு அப்படியே நிற்கும். இறக்குகூலி, வண்டி வாடகை பிடித்தம் எல்லாம் தனிப் புரொசீஜரில் இருந்தால் அங்கே பாருங்கள்.

இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது என்றால், பழைய புரோகிராமை உயிரோடு வைத்துக்கொண்டுதான். புதிய கம்ப்யூட்டரில் அது திறக்காததற்குக் காரணம், 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் புரோகிராம்களை ஓட்டாது. பழைய ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்துவிட்டு, அந்த நகலைப் பழைய டாஸ் கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், தினக்கணக்கை அதில் எழுதாதீர்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் மாதிரி மண்டி நெரிகிற நாட்களாக ஐந்தாறு பொறுக்கி, சரக்கு திரும்பி வந்த நாள் ஒன்றையும் சேர்த்து, இரண்டிலும் நாள் அறிக்கை எடுத்து டெக்ஸ்ட் கோப்பாக வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கூட்டல் மட்டும் ஒத்துப்போனால் போதாது, ஒரு சீட்டில் கூடியது இன்னொன்றில் குறைந்து ஒன்றையொன்று மூடிவிடும்.

பிரிண்டரைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் படமாக நினைத்து மெதுவாக அடிக்கும், சீட்டு வாங்க நிற்கிற ஆட்கள் பொறுக்கமாட்டார்கள். பழைய புரோகிராம் அனுப்பியதுபோல வெறும் எழுத்தாகவே நேராக பிரிண்டருக்கு அனுப்புங்கள். அதில் 15 என்ற கட்டுப்பாட்டு எழுத்து எங்கேயாவது இருக்கும், எழுத்தை நெருக்கி அடிக்கச் சொல்வது அது. அதை ஏஐ குப்பை என்று தூக்கிப் போட்டிருந்தால் எடுத்துத் திரும்ப வையுங்கள்.