ஏதென்ஸ் நாடக அரங்கு: கேள்வி பதில்

கேள்வி: கிரேக்க நாடகங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

பதில்: இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஏதென்ஸில் நாடகம் நகர அரசின் காரியம். மதுக் கடவுள் டயோனிசஸுக்கு வசந்த காலத்தில் எடுக்கும் பெருவிழாவுக்காக ஆர்கோன் என்னும் தலைமை அதிகாரி பணக்காரக் குடிமக்கள் மூவரைத் தேர்ந்து, துன்பியல் பாடற்குழுக்களின் செலவை அவர்கள் தலையில் வைப்பார். பயிற்சி, உடை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. போர்க்கப்பலைப் பராமரிக்கும் செலவையும் செல்வந்தர்கள் இப்படித்தான் சுமந்தார்கள். தப்பிக்க நினைப்பவர், "இன்னார் என்னைவிடப் பணக்காரர், அவர் செய்யட்டும், மறுத்தால் இருவரும் சொத்தை மாற்றிக்கொள்வோம்" என்று சவால் விடலாம். சட்டமே அதற்கு இடம் கொடுத்தது.

கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்துக்குச் செலவு செய்தவர், பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான இளைஞர் பெரிக்ளீஸ். சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே ஆண்டுகள். தோற்ற பாரசீகர்களின் அழுகையை வென்ற ஊரே உட்கார்ந்து கேட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், நாடகம் தொடங்குமுன் நேச நாடுகள் செலுத்திய வெள்ளியை அரங்கில் கொண்டுவந்து காட்டினார்கள். போரில் தந்தையை இழந்து நகரச் செலவில் வளர்ந்த பிள்ளைகள் கவசம் அணிந்து நடந்தார்கள். இவற்றை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் படிப்பவருக்குப் பாதி நாடகம் கிடைப்பதில்லை.

கேள்வி: சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ்' முதல் பரிசு பெற்றதுதானே?

பதில்: இல்லை, விழாவின் நாடகப் போட்டியில் அதற்கு இரண்டாம் இடம். வென்றவர் ஃபிலொக்ளீஸ். யூரிபிடீஸின் 'மெடியா' கி.மு. 431இல் மூன்றாவதாக, அதாவது கடைசியாக வந்தது. ஏதென்ஸ் குடிமக்களின் பத்துக் குலங்களிலிருந்தும் குலத்துக்கு ஒருவராகச் சீட்டுக் குலுக்கி நடுவர்களை எடுத்தார்கள்.

கேள்வி: எபிடாரஸ் அரங்கில் சோஃபக்ளீஸ் எங்கே நின்றிருப்பார்?

பதில்: எங்கும் நின்றிருக்க முடியாது. அவர் கி.மு. 406 வாக்கில் இறந்தார். அந்தக் கல் அரங்கு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்து ஏதென்ஸ் மக்கள் அக்ரோபொலிஸ் என்னும் கோட்டைக் குன்றின் தெற்குச் சரிவில் மரப் பலகைகளில் உட்கார்ந்தார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: முகமூடி ஒலிபெருக்கியாகப் பயன்பட்டதா? நடிகர்கள் உயரமான காலணி போட்டார்களா?

பதில்: இரண்டும் இல்லை. நேப்பிள்ஸில் இருக்கும் புரோனோமஸ் ஜாடியைப் பாருங்கள்; கி.மு. 400 வாக்கில் தீட்டியது. நடுவில் குழலிசைஞர் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்து நிற்கிறார்கள். தலை முழுவதையும் மூடும் இலேசான முகமூடி. காலில் மெல்லிய அடி கொண்ட காலணி. கட்டை போன்ற உயரக் காலணி பிற்காலத்து வழக்கம்.

கேள்வி: உயரக் காலணியோடு எப்படி நடனமாடினார்கள்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: பெண்கள் நாடகம் பார்த்தார்களா? கூடாது என்றுதான் படித்தேன்.

பதில்: பார்த்தார்கள் என்பதே என் முடிவு. துன்பியல் நாடகம் சிறுவர், பெண்கள், ஆண்கள், அடிமைகள் எல்லோரையும் நோக்கிப் பேசுகிறது என்று பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' என்னும் உரையாடல் நூல் சொல்கிறது. வராதவர்களை நோக்கிப் பேச முடியாது.

கேள்வி: அரிஸ்டோஃபனீஸின் 'அமைதி' என்னும் நகைச்சுவை நாடகத்தில் பார்வையாளர்களுக்கு வாற்கோதுமையை வீசும்போது, பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்று வருகிறதே! அவர்கள் அங்கே இல்லை என்றுதானே பொருள்?

பதில்: நல்ல வாதம். ஆனால் காட்சியை முழுதாகப் படியுங்கள். பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்றதும், "இரவில் ஆண்கள் கொடுப்பார்கள்" என்று வேலைக்காரன் பதில் சொல்கிறான். அது கொச்சையான சிலேடை. பெண்கள் எட்டாத பின்வரிசையில் இருந்தாலும் அது பொருந்தும், வீட்டில் இருந்தாலும் பொருந்தும். இரு பக்கமும் சாயும் சான்றை ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. விழா ஊர்வலத்தில் கூடை ஏந்திச் சென்றவளே ஒரு பெண்தான். ஊர்வலம் முடிந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நம்புவதற்குத்தான் தனிச் சான்று வேண்டும்.

கேள்வி: ரோம அரங்குகள்?

பதில்: அது வேறு துறை. ரோம வரலாறு படித்தவரிடம் கேளுங்கள்.